வாழ்க என்று சொல்லிப் பாருங்கள்

எங்கள் தலைவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. உம்மணாமூஞ்சி என்று எழுதிப் போட்டால் தபால்கூடப் போய்ச் சேரும். பதினோரு வருடமாக ஆள்கிறவர், ஒரு புகைப்படத்திலும் சிரித்ததில்லை. முதலில் சன்னல்களுக்கு வரி போட்டார். நாங்கள் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தோம். அடுத்த வருடம் இருட்டுக்கு வரி போட்டார். ஒருமுறை குளிர்காலத்தைப் பத்து நாள் குறைத்து ஆணை பிறப்பித்தார். குளிர் அந்த ஆணையை மதிக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளில் போர்வையோடு தெருவில் நடந்த பதினாறு பேரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அதில் ஒருவர் போர்வை வியாபாரி.

அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஐம்பத்தைந்து வயது தாண்டிப் பல் இல்லாமல் இருக்கும் எல்லோருக்கும் பல் செட் இலவசம் என்று அறிவித்தார். விண்ணப்பம் ஒரே பக்கம். கையெழுத்து ஒன்றே ஒன்று. முப்பது நாளில் வாயில் பல் இருக்கும் என்றார். யாரும் நம்பவில்லை. அவர் சொன்னதை நம்பிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். சொன்னபடி நடந்துவிட்டால் என்ன செய்வது என்று தெரியாதது இன்னொரு காரணம்.

நான் பல் செட் கட்டுகிறவன். நாற்பது வருடமாக அடுத்தவர் வாயில் விரலை விட்டுத்தான் சாப்பிடுகிறேன். அரசாங்கம் என்னைப் பழைய தபால் நிலையத்தின் பின்னறையில் உட்காரவைத்து, ஒரு சாய்வு நாற்காலியும் ஒரு அடுப்பும் கொடுத்து, எதிர்ச் சுவரில் உம்மணாமூஞ்சியின் படத்தை மாட்டிவிட்டுப் போனது. அரசாங்க அறை என்பதால் அதற்குச் சன்னல் இருந்தது.

மூன்று வாரம் ஈ ஓட்டினேன். பல்லுக்குள்ளே உம்மணாமூஞ்சி ஒட்டுக்கேட்கிற கருவி வைத்திருக்கிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிய சலவைக்காரம்மாதான் முதலில் வந்தார், உச்சிவெயிலில், முகத்தை மூடிக்கொண்டு. "கேட்டா கேட்டுட்டுப் போறான். நான் என் வீட்டுக்காரரத் திட்டறத அவனும்தான் கேக்கட்டுமே" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியாக வந்தார்கள். பல் வைத்துக்கொண்டு வெளியே போனதும், வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பியது என்றார்கள். ஆறே மாதத்தில் எங்கள் ஊருக்கு வெளிநாட்டில் நூற்றுப்பத்து மகன்கள் இருந்தார்கள். அவர்களில் முப்பது பேருடைய பெற்றோருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பழக்கடைக்காரர் கனிந்ததை ஒதுக்கிவிட்டுக் காயாக வாங்க ஆரம்பித்தார். ஓய்வுபெற்ற கிடங்குக் காவலர் ஒருவர், சாவி தொலைந்துபோனதால் பூட்டைக் கடித்தே திறந்தார். பூட்டை நான் பார்த்தேன். பல் தடம் என்னுடையதுதான்.

இதெல்லாம் நடக்கும்போது வராத ஒரே ஆள் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். பஸ் டிப்போ தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக அப்போது இருபத்திரண்டு வருடமாக இருந்தவர். ஒலிபெருக்கி இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் என்பதால் மைக் என்று பெயர். உம்மணாமூஞ்சியை அவர் திட்டினால், திட்டு வாங்குகிறவருக்கே கைதட்டத் தோன்றும். 'அவன் கையால ஒரு குண்டூசி வாங்கினாலும் என் நாக்க அறுத்துக்கறேன்' என்று மேடையில் சத்தியமும் செய்திருந்தார்.

அந்த வருடம் அவருடைய மேல்வரிசைப் பற்கள் மொத்தமாக விடைபெற்றுக்கொண்டன. மேல் முன்பல் இல்லாவிட்டால் 'வ' வராது. கீழுதடு போய்த் தொடுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. மேலுதட்டில் முட்டி அது 'ப' ஆகிவிடும். சாதாரண மனிதருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. தொழிற்சங்கத் தலைவருக்கு அப்படியில்லை. அரையாண்டுக் கூட்டத்தில் மச்சான் எழுந்து, நரம்பெல்லாம் புடைக்க, "நமது கோரிக்கை ஏற்கப்படாவிட்டால்" என்று தொடங்கி, காலவரையற்ற பேலைநிறுத்தம் அறிவித்தார்.

 உடனே முன்வரிசையில் இருந்த டிரைவர் ஒருவர் எழுந்து, "காலவரை இல்லாம அத எப்படிங்க நிறுத்தறது? ரெண்டாவது நாளே வயிறு உப்பிடுமே" என்று கேட்டார். அன்று சிரிப்பு அடங்கவே இல்லை. மறுநாள் டிப்போச் சுவரெல்லாம் அதே வார்த்தை. எழுதவைத்தவர் டிக்கெட் பரிசோதகர். பட்டப்பகலில் டார்ச் அடித்து டிக்கெட் பார்ப்பதால் அவர் டார்ச். செயலாளர் பதவிக்கு அடுத்த மாதம் தேர்தல். டார்ச் நிற்கிறார். மறுபடி மேடை ஏறினால் மச்சானால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால் பதவி போய்விடும்.

மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாயிலிருந்து வந்ததை நான் திருத்தி எழுதுகிறேன்.

"அவன் பல்ல என் வாயில வெக்கறதுக்குப் பதிலா நான் ஊமையாவே போறேன்."

"போ, யாரு வேண்டாங்கறா" என்றாள் என் மனைவி. "ஆனா ஒண்ணு அண்ணா. நீ ஊமையாயிட்டா அவன யாரு திட்டறது? டார்ச்சா? அவருக்கு நாலு வார்த்த சேந்தாப்பல வராது. உம்மணாமூஞ்சி நிம்மதியாத் தூங்குவான். அதுக்கா இருபத்திரண்டு வருஷம் கத்தின?"

மச்சான் கஞ்சியைக் கீழே வைத்தார். "மாப்ள, பின்வாசல் எத்தன மணிக்குத் தெறந்திருக்கும்?"

அளவெடுத்து, பல்லை முதலில் மெழுகில் பதித்து வாயில் வைத்துப் பார்ப்பது வழக்கம். அப்போது ஒரு வார்த்தை சொல்லச் சொல்வோம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் வைத்த வார்த்தை அது. நாற்பது வருடமாக நான் மாற்றவில்லை. முன்பல் நீளம் சரியா என்று 'வா' சொல்லும். அண்ணத்தில் தகடு தடிமனா என்று 'ழ்' சொல்லும். பின்விளிம்பு இடிக்கிறதா என்று 'க' சொல்லும். மூன்றையும் ஒரே மூச்சில் சோதிக்கிற சின்ன வார்த்தை வேறு இல்லை.

"வாழ்கன்னு சொல்லிப் பாருங்க மச்சான்" என்றேன்.

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். உம்மணாமூஞ்சி அவரைப் பார்த்தது.

"ஒழிகன்னு சொல்லக்கூடாதா?"

"ஒழிக சொல்றதுக்குப் பல்லே வேணாம் மச்சான். பச்சக் கொழந்தகூடச் சொல்லும். அத வெச்சு நான் என்னத்தச் சோதிக்கறது?"

மச்சான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "பாழ்க."

முன்பல்லை ஒரு நூல் உள்ளே தள்ளிப் பதித்திருந்தேன். என் தப்புதான். ஆனால் மச்சான் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அவர் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

"மாப்ள, இது போதும். இப்படியே விட்டுரு."

"அது எப்படி மச்சான்? 'வா' பாழானா 'வே'யும் பாழாத்தான் போகும். மேடையில மறுபடி அதயே அறிவிக்கப்போறீங்களா?"

 வேறு வழியில்லை. நான் மெழுகை இளக்கி, பல்லை முன்னே இழுத்து, மறுபடி வைத்தேன். 'வாள்க' என்றது. தகட்டைச் சுரண்டினேன். 'வாழ்ஹ' என்றது. பின்விளிம்பைத் தேய்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் படத்துக்கு நேராக உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது. நாற்காலி தரையோடு திருகப்பட்டிருந்தது, திருப்ப முடியாது. கடைசியில், கண்ணாடி அதிர, "வாழ்க" என்றார். நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும். சன்னலுக்கு வெளியே யாரோ ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது.

தேர்தல் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. உறவினர்களுக்குப் பின்வரிசை பெஞ்சு. முதலில் டார்ச் பேசினார்.

"உங்க செயலாளரு சத்தியவான்னு நெனச்சிட்டிருக்கீங்க. புதன்கிழமை என் ரெண்டு காதால கேட்டேன். தபால் ஆபீஸ் பின்னறையில, உம்மணாமூஞ்சி படத்துக்கு நேரா உக்காந்து, ஏழு தடவ வாழ்கன்னாரு. அவரு வாயில இருக்கறது யாரு பல்லுன்னு கேளுங்க."

கூடம் கொதித்தது. மச்சான் எழுந்தார். நான் பெஞ்சுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

"ஏழு இல்ல, ஒம்பது" என்றார் மச்சான். குரல் பழைய குரல். ஒவ்வொரு எழுத்தும் உரித்த வெங்காயம் மாதிரி வந்து விழுந்தது. "பல்லு அவன் குடுத்ததுதான். பத்து வருஷமா அவன அயோக்கியன், கொள்ளைக்காரன், குளிருக்கே உத்தரவு போட்ட கிறுக்கன்னு சொன்னேன். அதுல ஒண்ணும் பொய்யில்ல. இப்ப இதயும் சொல்றேன், இதுவும் பொய்யில்ல. வயசான தொழிலாளிக்குப் பல்லு குடுங்கன்னு, இவனுக்கு முன்னாடி நாம மால போட்டு ஜெயிக்க வெச்சோமே, நம்ம ஆளுங்க, அவங்ககிட்ட நான் மூணு மனு குடுத்தேன். மூணும் குப்பைக்குப் போச்சு. இந்தப் படுபாவி, ஒரு மனுவும் இல்லாம, கேக்காமலே குடுத்துட்டான். ஏன் குடுத்தான்னு எனக்குத் தெரியல. எனக்கு அதான் பத்திக்கிட்டு வருது."

யாரும் கைதட்டவில்லை. ஆனால் கொதிப்பு அடங்கியிருந்தது.

"கத விடாதய்யா" என்றார் டார்ச். "மானம் இருந்தா இப்பவே கழட்டி மேசைமேல வை."

"வெக்கறேன். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். புதன்கிழமை அந்தப் பின்வாசல் பக்கம் உனக்கு என்ன வேல?"

"நான் பாட்டுக்கு அந்த வழியாப் போயிட்டிருந்தேன்."

"அது முட்டுச்சந்துப்பா."

முதலில் சிரித்தவர் அந்த முன்வரிசை டிரைவர்தான். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர். பிறகு கூடமே வாயைத் திறந்தது. பின்வரிசையிலிருந்து பக்கவாட்டில் பார்த்த எனக்குப் பகீரென்றது. அரசாங்கம் எனக்கு ஒரே நிறத்தில்தான் பல் அனுப்பியிருந்தது. பீங்கான் கழுவுதொட்டியின் வெள்ளை. அந்த வெள்ளை வரிசை வரிசையாகப் பளிச்சிட்டது. ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்து, எல்லோரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கழற்றச் சொல்லி யாரும் மறுபடி பேசவில்லை. டார்ச்சும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு நான் அளவு மட்டும்தான் எடுத்திருந்தேன்.

மச்சான் நாற்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். உடனே வேலைநிறுத்தம் அறிவித்தார். அந்த 'வே'யைத் தேவைக்கு மேல் கொஞ்சம் இழுத்தார்.

அடுத்து தீர்மானம். வழக்கம்போல, 'தலைவரின் அனைத்து நடவடிக்கைகளையும் இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். மச்சான் கையெழுத்துப் போட மறுத்தார். 'அனைத்தும்' பொய் என்றார். பொருளாளர், இந்த வார்த்தையில் கைவைத்தால் சங்கம் உடையும் என்றார். இரண்டு மணி நேரம் சண்டை. நன்றி என்ற சொல் வரக்கூடாது என்று ஒரு கட்சி, உண்மை வந்தாக வேண்டும் என்று மச்சான். கடைசியில், 'தலைவரின் நடவடிக்கைகளை, பல் நீங்கலாக, இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது' என்று முடிவாகி, பதிவுத் தபாலில் போனது.

அதுவரை எங்கள் சங்கத்தின் எந்தக் கடிதத்துக்கும் பதில் வந்ததில்லை. இதற்கு ஒன்பதாம் நாள் வந்தது. கீழே உம்மணாமூஞ்சியின் சொந்தக் கையெழுத்து. 'கண்டனம் கிடைத்தது. செயலாளரின் பல் விண்ணப்பமும் பார்த்தேன். மேல்வரிசை மட்டும் புதிதாக இருந்தால் கீழ்ப்பற்கள் ஓராண்டில் ஆட ஆரம்பிக்கும். ஆடினால் தெரிவிக்கவும்.'

மச்சான் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாரிடமும் காட்டவில்லை, என்னைத் தவிர.

அது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. நேற்று எங்கள் வீட்டில் சாப்பிடும்போது மச்சான் ஒரே பக்கமாக மெல்லுவதைப் பார்த்தேன்.

"ஆடுதா மச்சான்?"

"ஆடுது."

"எழுதிப் போட்டுரலாமே."

"சும்மா இரு மாப்ள" என்றார். "ஒரு தடவ அவனப் பாராட்டினதுக்கே நான் மூணு நாள் தூங்கல."