காப்புக் கட்டாத ஊர்

எழுபத்தெட்டில் கப்பலூர்ப் பட்டறை ஒன்றில் நானும் மரியராஜும் பக்கத்துப் பக்கத்து லேத்தில் வேலை பார்த்தோம். மூன்று வருஷப் பழக்கம், ‘மாப்ள, மாப்ள’ என்றுதான் பேச்சு. என் மகன் காதுகுத்துக்கு ஊருக்கு வரச் சொல்லி அவனை நச்சரித்தது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவனை மேலும் கீழும் பார்த்தேன். சலவை வேட்டி, தோளில் துண்டு, காலில் சொல்லிச் செய்த தோல் செருப்பு. விளக்கெண்ணெய் ஊறிப் பளபளத்தது, அடிக்கு அடி கிறீச்சிட்டது. எங்கள் பக்கம் விசேஷத்துக்குப் போகிற ஆம்பளை அப்படித்தான் போவான். நானும் அதே கோலத்தில்தான் நின்றேன். ஆனால் அவன் சனம் எங்கள் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்கும். இவன் பேண்ட், ஷூ போட்டு வருவான், டவுன் ஆள் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன், கூறுகெட்டவன்.

“மாப்ள, அம்மனுக்குக் காப்புக் கட்டிருக்கு. ஊருக்குள்ள யாரும் செருப்புப் போடக் கூடாது.”

பச்சைப் பொய். பொய்க்குத் துணையாக என் செருப்பையும் கழற்றினேன். அவன் குனிந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

தரை கொதித்தது. பாதித் தெருவில் மொக்கையன் பெரியப்பா எதிரே வந்தார், காலில் கிறீச் கிறீச்சென்று செருப்போடு. மரியராஜின் கையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“வாப்பா. இருந்து சாப்ட்டுப் போ.”

“சரிங்கய்யா” என்றான் மரியராஜ்.

சாப்பிட்டான். பிள்ளைக்கு வாங்கி வந்த சட்டையைக் கொடுத்தான். பஸ் நிற்கும் இடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: “சின்னப்பிள்ளையில எங்கப்பாவும் இதையேதான் சொல்லுவாரு மாப்ள. தெருவுல சாமி இருக்கு, கழட்டிருடான்னு. எம்மனசு நோகக் கூடாதுன்னு சொன்னாரு. நீ யாரு மனசு நோகக் கூடாதுன்னு சொன்ன?”

என் மனசுதான். பஸ் வந்தது, ஏறிவிட்டான்.

திங்கட்கிழமை பட்டறையில் எப்போதும் போலச் சிரித்தான்.

“அந்த ஸ்பேனரக் கொஞ்சம் எடுங்கண்ணே” என்றான்.