நான்காம் தட்டு

நீலச் சாயம் செத்த உயிரணுவுக்குள் புகும். உயிருள்ள அணு அதை உள்ளே விடாது. வெளிர்நீலமாக, சந்தேகமாக இருந்தால் செத்ததாகவே எண்ண வேண்டும். ஆய்வகத்தின் விதி அது.

பன்னிரண்டு தட்டுகளிலும் மூளையின் நரம்பணுக்கள். பக்கவாதத்தில் நடப்பதுபோல, ஒரு மணி நேரம் அவற்றுக்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் நிறுத்தப்பட்டிருந்தன. நோயெதிர்ப்பு அணுக்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் புரதம் ஒன்று, நான்கு தட்டுகளுக்கு முந்தைய நாளே கொடுக்கப்பட்டது. நான்குக்கு, பாதிப்பு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து. மீதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். எதில் எது என்பது பூட்டுக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்காத மேற்பார்வையாளருக்கு ஆய்வகத்தில் வைத்த பெயர் அது.

முன்னால் கொடுத்தால் காப்பாற்றும் என்று போன வருடமே தெரிந்துவிட்டது. தட்டுகளை எண்ணும் அவளுக்கோ, பாதிப்புக்குப் பின்னால் கொடுத்தாலும் காப்பாற்ற வேண்டும். இரண்டு மணி நேரம் என்று குறித்தவளும் அவள்தான். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து அக்கா சமையலறைத் தரையில் தனியாகக் கிடந்தது அவ்வளவு நேரம். அது நடந்து ஏழு மாதமாகிறது. அக்காவுக்குப் பேச்சு திரும்பவில்லை. இவளைச் ‘சுண்டு’ என்று கூப்பிட வேறு ஆளில்லை.

ஒவ்வொரு தட்டையும் இருவர் எண்ண வேண்டும்.

“நாலாவதுல நூத்துக்கு எழுபத்தொண்ணு உசுரோட இருக்கு,” என்றாள்.

எதிர்மேசைக்காரி நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். “எனக்கு அம்பத்திரண்டுதான் வருது.”

“நல்லா பாரு.”

“கண்ணாடி மாத்தி மூணு மாசம்தான் ஆச்சு. வெளிர்நீலத்தையெல்லாம் எந்தப் பக்கம் சேத்த?”

அவள் தாளில் ‘உயிர்’ என்றிருந்த பக்கத்தைக் காட்டினாள்.

“எல்லாத் தட்டுலயுமா?”

“நாலுல மட்டும். அதுதான் பின்னாடி குடுத்ததுன்னு தோணிச்சு.”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பூட்டு தன் தாளைப் பார்த்தார். “நாலாவது உப்புத்தண்ணிம்மா.”

“அப்ப பின்னாடி குடுத்ததுல எவ்வளவு சார்?”

“அத இப்ப சொல்ல மாட்டேன். பன்னிரண்டையும் மறுபடி போடணும். நீ எண்ண வேணாம்.”

“எத்தன நாளாகும்?”

“மூணு வாரம்.” தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அக்கா ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். உறிஞ்சுகுழாய் போட்ட டம்ளரை எடுத்துக்கொண்டு இவள் அருகே போனாள். நீட்டுவதற்கு முன்பே அக்காவின் உதடுகள் குவிந்தன. ‘சு’ என்று சொல்லவும் அப்படித்தான் குவியும். குழாயைக் கவ்வவும் அப்படித்தான்.

டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். உதடுகள் குவிந்தபடியே இருந்தன. சத்தம் வரவில்லை.

அதைச் ‘சு’ என்று கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு தண்ணீரைக் கொடுத்தாள்.