எதிராளி சொன்னதைச் சொன்னவள்

ஊரில் நாலு பேர் கூடிப் பேசினாலே சட்டையைப் பிடிப்பதில் முடிகிறதே என்ற வேதனையில்தான் சபரிநாதன் தன் அச்சகத்துக் கூடத்தில் மாதாந்திரக் கூட்டத்தைத் தொடங்கினார். ஒரே விதி: எதிராளி சொன்னதை, ஆமாம் என்று அவர் தலையாட்டும்படி திருப்பிச் சொன்ன பிறகே பதில் பேசலாம்.

அந்த மாதம் பட்டாசுக் கம்பெனியில் நடந்த வெடிவிபத்தைப் பற்றிய பேச்சு. கம்பெனி மேனேஜர் கனகசபாபதி எழுந்தார். "சினேகா அவசரப்பட்டு வெடிமருந்த இடிச்சு அழுத்திட்டா. வேற யாரு மேலயும் தப்பில்ல."

சினேகாவின் அம்மா சோலையம்மாள் எதிரே இருந்தாள். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேரை உட்கார வைத்ததைச் சொல்ல வந்தவள். செத்த மகள் மீதிருக்கும் பழி போனால் போதும் அவளுக்கு.

"அத நான் என் வாயால சொல்லணுமா அண்ணாச்சி?"

"சொல்லிட்டா, நீங்க பேசறத அவரு கேட்டுத்தாம்மா ஆகணும்" என்றார் சபரிநாதன்.

சொன்னாள். கனகசபாபதி தலையாட்டவில்லை. சபரிநாதன் கேட்டுக்கொள்ள மறுபடியும் சொன்னாள், வார்த்தை பிசகாமல். ஆட்டினார். பிறகு அவள் பேசப் பேச, அவர் குறுக்கிடாமல் கேட்டார். சபரிநாதனுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலையில் எல்லார் போனிலும் ஒரு வீடியோ: சினேகா அவசரப்பட்டாள் என்று சோலையம்மாள் சொல்வது மட்டும். அவள் பேசிய மற்றதையெல்லாம் யாரோ வெட்டியிருந்தார்கள்.

"பெத்தவளே சொல்லிட்டா, இனி என்னலே பேச்சு?" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

சபரிநாதன் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் நீளமாக விளக்கம் எழுதினார். கீழே ஒருவன் கேட்டான்: "அந்தக் கம்பெனி லேபிள் அச்சடிக்கிற ஆர்டர் யாருக்குண்ணே?" ஆர்டர் அவருக்குத்தான். போனைக் கவிழ்த்து வைத்தார்.

சாயங்காலம் ஆனைக்குட்டத்தில் சோலையம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் நாற்காலி எடுத்துப் போட்டாள். ஏசவில்லை, அழவில்லை.

"இன்னொரு கூட்டம் போட்டு எல்லாருக்கும் புரிய வைக்கிறேம்மா."

"ஊரு கெடக்கட்டும் அண்ணாச்சி."

சோலையம்மாள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மொதத் தடவ சும்மா வாய்க்குத்தான் சொன்னேன். அந்தாளு தலையாட்டல. நீக மறுபடி சொல்லச் சொன்னீக. எப்படி இடிச்சிருப்பான்னு மனசுல பாத்துச் சொன்னேன். அப்பருந்து கண்ண மூடுனா அதான் தெரியுது. அந்த எட்டுப் பேரு தெரியல. இவ மட்டுந்தான், அவசர அவசரமா." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "நெசமாவே அவசரப்பட்டிருப்பாளோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார் சபரிநாதன். அவர் அந்த அறையைப் பார்த்ததுகூட இல்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.