பத்தாவது ஆள்

ஓர் உயிரின் விலை அறுநூறு டொலர். நான் முந்நூற்றைம்பதுக்குப் பேசி முடித்தேன்.

நின்ற இதயத்தை உலுக்கி எழுப்பும் இயந்திரம் அது. ரானுயிப் புறநகரில் என் மளிகைக் கடைச் சுவரில் அதை மாட்டப் பங்கு கேட்டு வந்தவர் டாக்டர் பிரெஸ்லர். ராணுவத்தில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்குள்ள யூதர்களுக்குத் தலைவர். நான் குறைத்ததைத் தன் பென்ஷனிலிருந்து போட்டார். "மாரிசாமி, உன்னோட பேரம் பேசுறதுக்குப் போர்முனையே தேவலை" என்றார்.

நேற்று மாலை பால் வாங்க ஓடிவந்தார். மனைவியின் நினைவுநாள். பொழுது சாயுமுன் பிரார்த்தனை சொல்ல வேண்டும். பத்து ஆண்கள் சேராமல் சொல்லக்கூடாது. காலையில் ஆள் சேரவில்லை. இப்போது அடுத்த தெருவில், அவர் வீட்டில், ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

அப்போது கல்லாவில் வாடிக்கையாளர் கதிர்காமநாதன் அண்ணன் முருங்கைக்காயோடு என்னிடம் மல்லுக்கு நின்றார். "என்ன அண்ணாச்சி, நாலு காய் பதினொரு டொலரோ? மரத்தையும் சேர்த்தோ தாறீர்?" என்றவர் அப்படியே அரிசி மூட்டைமேல் சரிந்தார்.

டாக்டர் பாலைக் கீழே வைத்தார். "சுவத்துல இருக்கிறதை எடு! ஆம்புலன்ஸைக் கூப்பிடு! எண்ணு!"

நெஞ்சை அழுத்தினார். எண்ணுவதுதான் என் பிழைப்பு. முப்பதைத் தொடுவதற்குள் இருமுறை எண்ணிக்கையைத் தவறவிட்டேன். பட்டைகளை நெஞ்சில் ஒட்டியதும் விலகச் சொன்னது இயந்திரம். அண்ணனின் உடம்பு துள்ளி விழுந்தது. அசைவில்லை.

டாக்டரின் போன் அலறியது. நான் எடுத்தேன்.

"எங்கே அவர்? வெளிச்சம் போகுது!" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

டாக்டர் நிமிரவில்லை. "எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல். எண்ணு, மாரி!"

வாடிக்கையாளர் வர முடியாவிட்டால் சரக்கைக் கொண்டுபோய்ப் பழகியவன் நான். "பெரியவரே, பத்தாவது ஆள் இங்க மாட்டிக்கிட்டார். ஒன்பது பேரும் கடைக்கு வாங்க. பார்க்கிங் இலவசம்."

இரண்டாவது மின்னதிர்ச்சிக்கு அண்ணன் முனகினார். "நாடி வந்துடுச்சு" என்ற டாக்டர் அதன்பிறகுதான் வியர்வையைத் துடைத்தார். ஆம்புலன்ஸ் அண்ணனை ஏற்றிக்கொண்டு கிளம்ப, ஒன்பது தொப்பிகள் உள்ளே நுழைந்தன. கூரைகளின் மேல் இன்னும் ஒரு விரற்கடை வெயில்.

"ஒன்று, இரண்டு..." என்று நீட்டிய என் விரலைக் கிழவர் பிடித்துக்கொண்டார். "எங்க வழக்கத்துல மனுஷரை எண்ணக் கூடாது. எண்ணித்தான் ஆகணும்னா, 'அல்ல' போட்டு எண்ணு."

மல்லி மூட்டைகளுக்கு நடுவே டாக்டர் மனைவிக்கான பிரார்த்தனையைத் தொடங்கினார். நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று கணக்குப் பார்த்தேன். ஒன்றல்ல, இரண்டல்ல... டாக்டரோடு பத்தல்ல.

ஆம்புலன்ஸில் போனவரையும் சேர்த்தேன். பதினொன்றல்ல.