ஒருவருக்கான அளவு

"ரெண்டு காளான். அரைப் பல் பூண்டு. எண்ணெய் ஒரு சொட்டு போதும்."

அவள் சத்தமாகப் படித்தாள். கண்மூடிக் கிடந்த அம்மாவின் தாடை அசைந்தது. வாயில் ஒன்றுமில்லை, ஆனாலும் மென்றாள். தொண்டைக்குழி ஏறி இறங்கிய நேரம் பார்த்து மகள் ஒரு கரண்டித் தண்ணீரை உதட்டோரம் விட்டாள். இறங்கிவிட்டது.

இனி எதுவும் இறங்காது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் கைக்கு அகப்பட்ட புத்தகத்தை எடுத்தாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிய சமையல் புத்தகம். வீட்டில் சமைக்கிற எவரும் வைத்திருக்க வேண்டியது என்று கடைக்காரரிலிருந்து அலுவலகத் தோழிகள் வரை சிபாரிசு செய்தது. எழுத்தறியாத அம்மா படங்களை மட்டும் பார்த்துவிட்டு அரிசி டப்பாமேல் வைத்துவிட்டாள்.

"புஸ்தகம் படிச்சா வயிறு நெறையும்னா எவடி அடுப்பு பத்த வைப்பா?" என்றாள் கால்மாட்டில் இருந்த பெரியம்மா.

"அப்புறம் எதுக்கு மெல்லுறாங்க?"

"உசுரு இழுத்துக்கிட்டிருக்கு. அதைப் போயி சாப்பாடுங்கிற."

புத்தகத்தில் எல்லாமே நான்கு பேருக்கான அளவு. முதலில் அப்படியேதான் படித்தாள். உடனே அம்மாவின் வாய் மெல்லாமல் நின்றுபோனது. அம்மாவின் வலது கை போர்வைக்கு மேல் எழுந்தது, காற்றில் எதையோ அள்ளியது, பக்கத்தில் கவிழ்த்தது. முதல் தட்டு. அவள் பயந்துபோய்ப் புத்தகத்தை மூடிவிட்டாள். அம்மா மற்றவர்களுக்குப் பரிமாறுகிறாள் என்று பிறகுதான் புரிந்தது. அதிலிருந்து எல்லாவற்றையும் நான்கால் வகுத்து, ஒருவருக்கான அளவாகவே படித்தாள். பட்டம் வாங்கப் படித்த கணக்கு அன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது.

கைமணம், கைமணம் என்று சொல்லியே சட்டியைக் காலி செய்த குடும்பம். அவளும்தான். அம்மா கடைசியில், நின்றுகொண்டே, அடியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்பாள். கேட்டால் பசியில்லை என்பாள். அந்தப் பொய்யை நம்புவது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

"ஒரு வேளையாவது முழுசாத் தின்னுட்டுப் போகட்டும்" என்றாள் அப்பாவிடம். "அப்பா, நாலு பேருக்குன்னு மட்டும் வாயைத் தொறந்துராதீங்க."

"சரிங்க வக்கீலம்மா" என்றார் அவர். லாரி ஓட்டிய மனிதர். மகள் எதற்கு வாதாடினாலும் இதே பட்டம்தான்.

மதியம் தம்பியின் அழைப்பு வந்தது. ரயில் நிலையத்தில் இறங்கிவிட்டான். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. புத்தகத்தைக் கட்டிலில் கவிழ்த்துவிட்டு வாசலுக்குப் போனாள். பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. ஊர்ப்பலகை படிப்பதுபோல எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எலுமிச்சை... மிளகு தடவிய... மீன். நா... நான்கு பேருக்கு..."

ஓடினாள்.

அம்மாவின் கை அள்ளிக் கவிழ்த்தது. மீண்டும் அள்ளிக் கவிழ்த்தது. இன்னொரு முறை. நான்காவது முறை விரல்கள் விரிப்பைச் சுரண்டின. காலிச் சட்டியில் கரண்டி உரசுவதுபோல நகங்கள் கரகரவென்று ஒலித்தன. ஒன்றும் அகப்படவில்லை. கை அப்படியே கிடந்தது. வாய் திறக்கவே இல்லை.

பெரியம்மா மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு துணியைக் கிழித்துத் தாடையைக் கட்டினாள்.

"சொன்னேனேப்பா..."

"நானும் ஒண்ணு ஊட்டலாம்னு பாத்தேன்மா" என்றார் அப்பா. விரல் இன்னும் அந்த வரியில்தான் இருந்தது.

தம்பி வந்து அழுது ஓய்ந்தபின், பக்கத்து வீட்டுக்காரி சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். பெரியம்மா மூன்று தட்டுகளைக் கழுவிப் போட்டாள்.

"வேணாம் அண்ணி. வயிறு கனக்குது" என்றார் அப்பா.

"காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல, கனக்குதாம். நீ வாடா."

"பசிக்கல பெரியம்மா. ரயில்லயும் ஒண்ணும் சாப்பிடல. அக்காகிட்ட பேசிட்டிருந்தப்பவே வயிறு திம்முனு ஆயிடுச்சு."

"நல்ல குடும்பம்டா. எனக்கு மட்டும்தான் பசிக்குது" என்று பெரியம்மா தனக்கொரு தட்டு எடுத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டாள்.

மகள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். போர்வைக்கு அடியில் வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அப்போது அவளுக்கு ஏப்பம் வந்தது. புளிப்பாக. கடைவாய்ப் பல்லிடுக்கில் ஏதோ உறுத்தியது. நாக்கால் தள்ளிப் பார்த்தாள், வரவில்லை. விரலை விட்டு இழுத்தாள்.

மெல்லிய மீன் முள்.

தம்பி அவள் பக்கம் திரும்பினான். அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.