இரும்பின் பெயரில் ஒரு கட்டுரை

1

இந்தக் கதை எனக்கு லிங்கராஜபுரத்தில், ஒரு பேக்கரி வாசலில் கிடைத்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து தேங்காய் பன் வாங்க நின்றிருந்த தியோடர், தன் மனைவி யூனிஸ், ஊரே மெச்சுகிற தன் ஆராய்ச்சிக் கட்டுரையைத் தானே தப்பென்று நிரூபித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று குறைபட்டுக்கொண்டார். அன்றே எழுத உட்கார்ந்தேன்.

‘பேராசிரியர் யூனிஸ் ஜன்னலுக்கு வெளியே வெறித்துக்கொண்டிருந்தாள். மழை பெய்து—’

அடித்துவிட்டேன். யூனிஸ் ஜன்னலை வெறிக்கிற ஆள் இல்லை. மேம்பாலத்தில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே முன்னால் போகும் லாரிக்காரனைத் திட்டுகிற ஆள். (நேரில் ‘மேடம்’தான். கதைக்குள் வந்துவிட்டதால் ‘அவள்’.)

2

அவள் துறை கரிம உலோக வேதியியல். தாமாகச் சேராத இரண்டு மூலக்கூறுகளை, நடுவில் ஓர் உலோகத்தை விட்டுச் சேர்த்துவைக்கிற வேலை. (கல்யாணத் தரகர் என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். இருக்கட்டும்.) விலை உயர்ந்த பல்லேடியம் செய்கிற அந்த வேலையைச் சாதாரண இரும்பே செய்யும் என்று இளவயதில் ஒரு கட்டுரை எழுதினாள். அதற்குப் பிறகு உலகத்தில் யார் இரும்பைத் தொட்டாலும் அவளை மேற்கோள் காட்டினார்கள். பதவி உயர்வு, வெளிநாட்டு அழைப்பு எல்லாம் அதன் பின்னால் வந்தன. ஓய்வுபெறும் வருடத்தில் ஏற்பாடான பாராட்டு விழாவும் அந்தக் கட்டுரைக்குத்தான்.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. அந்த வேதிவினை சில மாணவர்களுக்கு நடக்கும், சிலருக்கு நடக்காது. நடக்காதவர்களை அவள் கைராசி இல்லாதவர்கள் என்பாள். அப்படிப் பெயர் வாங்கியவர்களில் ஒருவன் ஹரிஷ்குமார். ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான்.

விழாவுக்குச் சில வாரங்களே இருந்தபோது அவன் போன் செய்தான்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. நம்ம இரும்பு ரியாக்‌ஷன் இங்கயும் எனக்கு நடக்க மாட்டேங்குது. இத்தனைக்கும் இங்க எல்லாமே புதுசு மேடம்.”

3

யூனிஸ் எதையும் தூக்கிப் போடமாட்டாள். குடுவைக்குள் சுழன்று கலக்குகிற, வெள்ளை உறை போட்ட காந்தத்துண்டு இருக்கிறதே, அது சாம்பல் பூத்துப்போன பிறகும் அமிலத்தில் கழுவி, நல்லாத்தானே இருக்கிறது என்று மறுபடி போடுவாள்.

போனை வைத்துவிட்டுப் புதுத் துண்டு ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பழையதைப் போட்டாள். நடந்தது. முன்பு எப்போதோ பல்லேடியத்தைக் கலக்கிய துண்டு அது. கீறலில் ஒட்டியிருந்த துளி பல்லேடியம் வேலையைச் செய்ய, பேர் இரும்புக்குப் போயிருக்கிறது.* கைராசி இல்லாதவர்கள் எல்லாம் புதுத் துண்டு போட்டவர்கள்.

* அப்படியானால் மேற்கோள் காட்டிய மற்றவர்களுக்கு எப்படி நடந்தது என்று கேட்டேன். “பாதிப் பேர் செஞ்சே பார்த்திருக்க மாட்டாங்க. மீதிப் பேரும் என்னை மாதிரி கழுவித்தான் போட்டிருப்பாங்க” என்றாள்.

4

இந்த இடத்தில் அவளை அழவைக்கப் பார்த்தேன். ‘ஒரு வாழ்நாளின் உழைப்பு அவள் கண் முன்னே—’ வரவில்லை. அவள் நேரே வீட்டுக்குப் போய் தியோடரிடம் சொன்னாள்.

“மீன் சட்டியில பால் காய்ச்சிட்ட. அவ்வளவுதான?” என்றார் அவர்.

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும், விழா முடிந்த பிறகு திருத்தம் எழுதலாமே என்று மெல்லக் கேட்டார்.

“அதுக்குள்ள இன்னும் நாலு பிள்ளைங்க இதை நம்பி தீசிஸ் ஆரம்பிச்சிடுவாங்க.”

பயம் இல்லாமல் இல்லை. சேர்த்த பேரெல்லாம் போய்விடுமோ என்று அவள் யோசித்தது உண்மை. ஹரிஷை நினைத்தபோது அதைவிட வெட்கமாக இருந்தது. ஆனாலும் இத்தனை காலம் பிடிகொடுக்காத வினை ஏன் அப்படி நடந்துகொண்டது என்று தெரிந்துவிட்டதில் ஒரு சந்தோஷம் பொங்கியது. அன்று மேஜையில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே திருத்தத்தை எழுதினாள். திருப்தியான மனுஷியை வைத்து எப்படிக் கதை எழுதுவது? என் கஷ்டம் யாருக்குப் புரியும்.

5

முடிவுகள்.

சபை எழுந்து நின்று கைதட்டுகிறது. (சினிமா.)

விழாவைச் சத்தமில்லாமல் ரத்து செய்கிறார்கள். சால்வை வேறு யாருக்கோ—

யாரும் திருத்தத்தைப் படிப்பதில்லை; பழைய கட்டுரையையே மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். (தியோடர் பந்தயம் கட்டுவது இதில்தான்.)

எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்றில் மட்டும் கைவைக்காதீர்கள். விழாவுக்கு முன்பே அவள் திருத்தத்தை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டாள். அதில் எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர் ஹரிஷ்குமார்.

அவன் பதறிப்போய் போன் செய்தான். உங்கள் பேர்தானே மேடம் முதலில் வரவேண்டும், நான் என்ன செய்தேன், எனக்கு வழக்கம்போல நடக்கவில்லை, அவ்வளவுதானே என்றான்.

யூனிஸ் சொன்னாள்:

“அதான்ப்பா உன் கைராசி.”