இறங்காத குவிமாடம்

சாலையை அகலப்படுத்துவதற்காகப் பழைய மசூதியின் நான்கு சுவர்களையும் இடித்து முடித்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. குவிமாடம் மட்டும் கீழே வரவில்லை. இருந்த இடத்திலேயே, இருந்த உயரத்திலேயே, அடியில் ஒன்றுமில்லாமல் நின்றது. பொக்லைன் ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, சாப்பாட்டு நேரம் என்பதால், சாப்பிடப் போனார்.

நினைவுச்சின்னத் துறையில் அந்தக் கட்டிடத்துக்குப் பொறுப்பாக இருந்த பெண் பொறியாளருக்கு இந்தச் செய்தியைச் சொன்னது அவளுடைய சொந்த அண்ணன். இடித்த கான்ட்ராக்டரும் அவர்தான். அண்ணன் குடும்பம் கீழ் வீட்டிலும் அவள் மாடியிலுமாக ஒரே படியில் ஏறி இறங்குகிறவர்கள். ஆனாலும் அவர் இடிப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவளுடைய அலுவலகமும் அன்றைக்கென்று பார்த்து, பாரம்பரியக் கட்டிடங்களைப் பாதுகாப்பது எப்படி என்ற கருத்தரங்குக்கு அவளைத் தலைநகருக்கு அனுப்பியிருந்தது. மேடையில் ஒருவர் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது.

"சுவரு வந்துடுச்சு. மேல இருக்கறது வரமாட்டேங்குது," என்றார் அண்ணன்.

"எந்தச் சுவரு?"

"அதான், உன் மசூதி. இப்ப அது அந்தரத்துல நிக்குது. நீதான அதுக்குப் பொறுப்பு? வந்து என்னன்னு பாரு."

அழுவதா, போனைச் சுவரில் அடிப்பதா என்று அவளுக்குப் புரியவில்லை. கூட்டத்தில் மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊரைச் சுல்தான்கள் ஆண்டு முடித்து ஏழெட்டுத் தலைமுறை ஆகியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் மசூதியில் தானியம் கொட்டி வைத்தார்கள். அடுத்து வந்தவர்கள் தானியத்தை எடுத்துவிட்டு வெடிமருந்தைக் கொட்டினார்கள். பிறகு அது பள்ளிக்கூடமாக இருந்தது, எண்ணெய்க் கிடங்காக இருந்தது, கொஞ்ச காலம் சினிமாக் கொட்டகையாகக்கூட இருந்தது. தொழுகைக்குத் திசை காட்டும் மாடத்தின் மேலேயே திரையைக் கட்டியிருந்தார்கள். கடைசியாக ஓர் அரசாங்கம் அதை நினைவுச்சின்னம் என்று அறிவித்து, பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கிப் பூட்டியது. அதற்குப் பிறகு நடந்த பராமரிப்பு என்பது அந்தப் பூட்டுக்கு எண்ணெய் போட்டதுதான். இவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, குவிமாடத்தில் ஈரம் இறங்குகிறது, உடனே பார்க்க வேண்டும் என்று மேலே எழுதிக்கொண்டே இருந்தாள். மேலேயிருந்து பதில் வரவில்லை. பெயர்தான் வந்தது. அலுவலகத்தில் யாரோ ஈரம்மா என்று கூப்பிட ஆரம்பித்து, அது ஊர் முழுக்கப் பரவி, கடைசியில் வீட்டுக்குள்ளேயும் நுழைந்துவிட்டது.

குவிமாடத்தை இறக்க நகராட்சி செய்யாதது இல்லை. கயிறு கட்டி டிராக்டர் வைத்து இழுத்தார்கள், கயிறு அறுந்தது. கிரேனில் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு அடித்தார்கள், குண்டு ஒரு பக்கம் சப்பையானது. குழாய் வைத்துத் தண்ணீர் அடித்தார்கள், நீல ஓடுகள் கழுவிவிட்டாற்போல் பளிச்சென்று ஆயின, அவ்வளவுதான். அதற்குள் சாலை போட்டாக வேண்டிய கெடு வந்துவிட்டதால் அடியிலேயே தார் ஊற்றிப் போக்குவரத்தை விட்டார்கள். வெயிலுக்கு அந்த இடம் குளிர்ச்சியாக இருந்தது. ஆட்கள் ஒதுங்கினார்கள், பேருந்துகள் நிற்க ஆரம்பித்தன. யாரும் அறிவிக்காமலேயே அது ஒரு நிறுத்தமானது.

அவளுடைய மேலதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நினைவுச்சின்னம் என்றால் நிலத்தோடு பொருந்தி நிற்க வேண்டும், இது நிலத்தோடு பொருந்தவில்லை, ஆகவே இது நினைவுச்சின்னம் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். அப்படியானால் எதற்காக என்னைத் தினமும் அங்கே போகச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். நினைவுச்சின்னம் இல்லை என்பதை யாராவது உறுதி செய்துகொண்டே இருக்க வேண்டாமா என்றார் அவர். விமானப் போக்குவரத்துத் துறை, உச்சியில் சிவப்பு விளக்கு வைக்கும்படி ஆணை அனுப்பியது. விளக்கு வைக்க மட்டும் ஒரே வாரத்தில் ஏணி வந்தது.

பேராசிரியர்கள் வந்தார்கள். சுல்தான்களுக்கு முந்தையது என்பதால்தான் விழவில்லை என்றார் ஒருவர். சுல்தான்கள் கட்டியது என்பதால்தான் விழவில்லை என்றார் இன்னொருவர். கட்டியது எப்படியும் நம் ஊர்க் கொத்தனார்கள்தானே என்று மூன்றாமவர் சமாதானம் செய்யப் போய் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ள வந்த தலைவர்கள், இதை இடிப்போம் என்றும் காப்போம் என்றும் அந்தந்த வாரக் காற்றுக்குத் தகுந்தபடி பேசிவிட்டுப் போனார்கள். ஒழுகுகிறது ஐயா, மேலே செடி முளைத்திருக்கிறது ஐயா என்று அவள் ஒவ்வொருவர் பின்னாலும் ஓடிச் சொன்னாள். எல்லோரும் ஒரே மாதிரிச் சிரித்து ஒரே பதிலைச் சொன்னார்கள். தானாக நிற்கிற அற்புதத்துக்கு ரிப்பேர் எதற்கம்மா?

இதில் அவளைவிட நொந்துபோனவர் ஒருவர் உண்டென்றால் அது எதிர்க்கடைக் கடிகாரக்காரர். ஊரில் மிச்சமிருந்த நாலைந்து முஸ்லிம் குடும்பங்களில் அவருடையது ஒன்று. வந்தவர் போனவர் எல்லாம் கடைக்குள் எட்டிப் பார்த்து, "பாய், உங்க ஆளுங்க கட்டினதுதான? எப்படி நிக்குது? சொல்லுங்களேன்," என்பார்கள்.

"நான் கடிகாரம் ரிப்பேர் பண்றவன்யா. எங்கப்பாவும் கடிகாரம் ரிப்பேர் பண்ணினவர். சுல்தான் எங்ககிட்ட ஒண்ணும் சொல்லிட்டுப் போகல," என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிப்போனது.

ஆனால் ஒரு காரியம் செய்தார். பூட்டு போட்ட காலத்தில் உள்ளே தொழ அவருக்கு அனுமதி இல்லை. இப்போது பூட்டு இல்லை, கதவும் இல்லை. நண்பகல் தொழுகைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு சாலையைக் கடந்து, நிறுத்தத்தில் காத்திருப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத ஓரமாக விரித்துத் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்புவார். அவரைத் தடுத்தாயா என்று மேலதிகாரி கேட்டார்.

"எந்தக் கதவைச் சார் நான் பூட்டறது?" என்றாள் ஈரம்மா.

அடுத்த மழைக்காலத்தில் கடிகாரக்காரர் தொழுகையில் குனிந்திருந்தபோது உட்பூச்சில் ஒரு கட்டி பெயர்ந்து அவருடைய தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்தது. மருத்துவமனைக்கு ஓடிப்போன ஈரம்மா கட்டிலருகே நின்று அழுதாள்.

"நீங்க ஏம்மா அழறீங்க? நீங்க ஒருத்தர்தான் விழும்னு சொன்னவங்க," என்றார் அவர். "வேற யாரையாவது அழச் சொல்லுங்க."

நகராட்சிக்கு இது போதுமானதாக இருந்தது. பொதுமக்களுக்கு ஆபத்து என்று தீர்மானம் போட்டு, வெடி வைத்துத் தகர்க்க முடிவு செய்தார்கள். வேலை மறுபடியும் அண்ணனுக்கே வந்தது. சாயங்காலம் அண்ணி மாடி ஏறி வந்து, கொடியில் காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில் சொன்னாள். "உங்கண்ணன் நாளைக்குக் காலைல வெடி வைக்கப் போறாரு. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. அதனாலதான் வந்து சொல்றேன்."

காலையில் ஈரம்மா அலுவலகத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்க் குவிமாடத்துக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். வெடிக்காரர்கள் ஓரமாக நின்று பீடி பற்ற வைக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"எந்திரி."

"மாட்டேன்."

"ஊரே பாக்குது."

"பாக்கட்டும். இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் பாக்குது."

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அம்மா போய்ச் சேந்தாச்சு."

"அதான் இன்னும் பயமா இருக்கு," என்றார் அண்ணன். பிறகு வேறு வழி தெரியாமல் குடையை மடக்கிவிட்டுப் பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெடி வைக்க வந்தவர் வெடி வைக்க வேண்டிய இடத்துக்கு அடியிலேயே உட்கார்ந்ததைப் பார்த்து வெடிக்காரர்கள் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் குவிமாடத்தை அண்ணன் அதுவரை வெளியிலிருந்துதான் பார்த்திருந்தார். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் இப்போது அண்ணாந்து பார்த்தார். விளிம்பிலிருந்து உச்சி வரை உட்பூச்சில் செதுக்கிய நட்சத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோர்த்துக்கொண்டு சிறுத்துச் சிறுத்து ஏறின. எந்தக் கோடு எங்கே தொடங்கியது என்று கண்ணால் பிடிக்க முயன்று தோற்றார். திரும்ப விளிம்பிலிருந்து ஆரம்பித்தார். பாதி தூரம் போனபோது அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது.

"என்ன இது, ஒழுகுது?"

ஈரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "எத்தனை வருஷமாண்ணே நான் கத்தறேன்? எனக்குப் பேரே ஈரம்மான்னு வச்சீங்க. உங்கள்ல ஒருத்தராவது எங்க ஈரம்னு கேட்டீங்களா?"

அண்ணன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கறை பரவியிருந்த இடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேல என்ன பூசியிருக்கு?"

"ஓட்டு இடுக்கெல்லாம் சிமெண்ட்டு. நான் வர்றதுக்கு முன்னாடி எங்க ஆபீஸ் பூசினது."

"சுண்ணாம்புக் கட்டடத்துல சிமெண்ட்டா? அறிவிருக்கா உங்க ஆபீசுக்கு? உள்ள போன தண்ணி எந்த வழியா வெளிய வரும்? இப்படிப் பூசினவன எங்க வேலைல ஒரு நாள் வச்சிருக்க மாட்டேன்!"

சுவர்களை இடித்தது தான்தான் என்பதே அந்த நிமிஷம் அவருக்கு மறந்துபோயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை. ஆனாலும் அதைச் சொல்லிக் காட்ட இது நேரம் இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, மருந்து நமத்துப்போய்விட்டது, வெடிக்காது என்று நகராட்சிக்குச் சொல்லி அனுப்பினார். வெடிக்காரர்கள் நன்றாகக் காய்ந்திருந்த மருந்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் அண்ணனுடைய கிடங்கிலிருந்து சாரம் கட்டும் குழாய்கள் வந்து இறங்கின. யாருடைய அனுமதியில் வேலை நடக்கிறது என்று மேலதிகாரி போனில் கத்தினார். நினைவுச்சின்னம் இல்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்ட ஒன்றுக்கு எதற்குச் சார் அனுமதி என்று கேட்டுவிட்டு அவள் சாரத்தில் ஏறினாள். செடிகளை வேரோடு எடுத்தார்கள். சிமெண்ட்டைச் செதுக்கித் தள்ளினார்கள். சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, மணலோடு அரைத்து, விரிசல்களில் திணித்துப் பூசினார்கள். பூச்சு இறுகும் வரை ஈரம் போகாமல் சாக்கு போர்த்தித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஈரத்தை எதிர்த்தே ஆயுளைக் கழித்தவள் வாளியும் கையுமாக அலைவதைப் பார்த்து ஊர் சிரித்தது. கையில் கட்டோடு கடை வாசலில் உட்கார்ந்திருந்த கடிகாரக்காரர், அந்தப் பக்கம் பூச்சு ஒரு கை குறையுது என்று அங்கிருந்தே கொத்தனார்களை விரட்டினார். சொன்னது பெரும்பாலும் தப்பாக இருந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அண்ணனும் தங்கையும் அந்த மாதங்களில் பேசியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். கலவையில் மணல் கூட என்பாள், குறைவு என்பார். ஒருநாள் சாரத்தின் மேல் வைத்தே, "ஏண்ணே இடிச்ச?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் கரண்டியை வழித்தார். "உள்ள போய்ப் பாத்ததில்லடி. பூட்டியே இருந்துச்சு," என்றார்.

அது பதில் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

சாரத்தைப் பிரித்த பிறகு முதல் பெருமழை பிடித்தது. நிறுத்தத்தில் நெருக்கியடித்து நின்றவர்களோடு அவளும் அண்ணாந்து நின்றாள். ஒரு சொட்டு விழவில்லை. கழுத்து வலிக்கும் வரை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள், அற்புதத்துக்குத் தகுந்த மரியாதை வேண்டும் என்று பளிங்கில் புதுச் சுவர் கட்டக் கிளம்பினார்கள். வேண்டாம், இருப்பதை இருக்கிறபடி விடுங்கள் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். கட்டினார்கள். சுவர் எட்டிய அன்று குவிமாடம் ஒரு முழம் மேலே போனது. சுவரை உயர்த்தினார்கள், அதுவும் உயர்ந்தது. கடைசியில் பளிங்கைப் பிரித்தெடுத்து நகராட்சி மண்டபத்துக்குப் போட்டுவிட்டார்கள். குவிமாடம் பழைய உயரத்துக்கு இறங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த யாரும் சுவர் பேச்சை எடுக்கவில்லை. ஈரம்மா ஓய்வு பெற்றாள். வருஷத்துக்கு ஒரு தடவை அண்ணனுடைய ஆட்களே கேட்காமல் சாரம் கட்டி, விரிசல் பார்த்து, பூசிவிட்டுப் போனார்கள். கடிகாரக்காரரோடு இப்போது வேறு சிலரும் நண்பகலில் தொழ வந்தார்கள். பேருந்து ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் ஹாரன் அடிப்பதில்லை.

அண்ணன் ஒருவழியாகத் தொழிலை விட்ட வருஷம் அண்ணியையும் சேர்த்து மூன்று பேரும் வெளிநாட்டுப் பயணம் போனார்கள். வேறொரு சுல்தான் ஆண்ட ஊர், அங்கேயும் பெரிய மசூதி, ஊரே பெருமையாகக் காட்டுகிற குவிமாடம். ஈரம்மா வழக்கம்போல விரிசலைத் தேடினாள். அண்ணன் பூச்சைத் தட்டிப் பார்த்தார். அண்ணி மட்டும் தள்ளி நின்று, குவிமாடத்தையும் அதைத் தாங்கி நின்ற பருத்த சுவர்களையும் மேலும் கீழுமாகப் பார்த்தாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம்," என்றாள். "என்ன கோளாறோ, முட்டுக் கொடுத்து வச்சிருக்காங்க."